பிரிசில்லாவின் கழித்தல் குறி

என் மனைவி பிரிசில்லாவுக்குப் பயம் ஒன்றும் புதிதல்ல. வீட்டைப் பூட்டிவிட்டு அருள்புரம் பஸ் நிறுத்தம்வரை போனவள், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதற்காகத் திரும்பி வருவாள். காஸை மூடினோமா என்று கேட்டு, நான் வேலை செய்யும் முதலிபாளையம் கம்பெனிக்குப் போன் போடுவாள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு அடுப்பை நான் எப்படிப் பார்க்க முடியும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். போகப் போக, அந்தப் பயத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பே எரிகிறது என்று தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவள் அப்பாவும் அம்மாவும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தார்கள். பிளஸ் டூ முடித்ததும் படிப்பு நின்றுபோனது. இரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் துணி செக்கிங். நான் நிட்டிங் மிஷின் ஃபிட்டர், அதனால் அந்த வேலை எனக்கும் தெரியும். மிஷின் துணியைக் குழாய்போலப் பின்னித் தள்ளும். சாயத்துக்கு அனுப்பும்முன் அந்தக் குழாயை உள்வெளியாகத் திருப்பிவிடுவார்கள், நல்ல பக்கத்தில் அழுக்கும் உரசலும் படாமலிருக்க. ஆகவே செக்கிங் மேசையில் கண்ணுக்குத் தெரிவது துணியின் முதுகு. ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று சீட்டில் எழுதும்போது முகத்துக்குத்தான் எழுத வேண்டும். கண் இடது என்று பார்த்தால் கை வலது என்று எழுத வேண்டும்.

"கண்ணு, பாக்கறது முதுகு, எழுதறது மொகம். மாத்தி எழுதோணும், தெரிஞ்சுதா?" என்று சூப்பர்வைசர் கண்ணம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாராம். இரண்டே வாரத்தில் பிரிசில்லாவின் கை யோசிக்காமலே மாற்றி எழுதப் பழகிவிட்டது. அவள் பார்த்து அனுப்பிய துணியில் ஒரு ரோல்கூடத் திரும்பி வந்ததில்லை என்று கண்ணம்மாள் இன்றைக்கும் சொல்வார். தப்பு விட்டுவிடுவோமோ என்ற நடுக்கத்தில் ஒவ்வொரு ரோலையும் இரண்டு தடவை பார்த்தவள் அவள்.

சேர்த்த சம்பளத்தில் பிஎஸ்சி இயற்பியல், பிறகு எம்எஸ்சி, பிறகு பல்லடம் ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. அங்கேயே பேராசிரியர் சிவசுப்பிரமணியத்திடம் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். ஏழு வருஷம். இந்த ஏழு வருஷத்தில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டது.

அவள் ஆராய்ச்சியைப் பற்றி எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். பென்சில் கரியை உரித்து உரித்து, ஒரே ஓர் அணு கனத்துக்கு ஏடாக எடுத்தால் அதற்குப் பெயர் கிராபீன். தேன்கூடுபோல அறுகோணக் கண்ணிகளாக இருக்கும். அதில் அணுக்கள் உட்காரும் இடங்கள் இரண்டு வகை. எலக்ட்ரான் இரண்டு வகையிலும் பங்கு வைத்து உட்காரும். எதில் எவ்வளவு பங்கு என்பதை ஓர் அம்புக்குறியாக வரைந்துவிடலாம். எலக்ட்ரானுக்கு ஏற்கனவே ஸ்பின் என்று சொந்தமாக ஒன்று உண்டு, மேலேயோ கீழேயோ நோக்கி நிற்கும் குட்டிக் காந்தம் மாதிரி. இந்த அம்பு அதுவல்ல. ஆனால் கணக்கில் அச்சு அசல் அதைப்போலவே நடந்துகொள்ளும். அதனால் இதற்கு சூடோ ஸ்பின், அதாவது போலிச் சுழற்சி என்று பெயர். "போலிக்கா ஏழு வருஷம்?" என்று நான் ஒருதடவை கேட்டுவிட்டு இரண்டு நாள் நானே சமைத்துச் சாப்பிட்டேன்.

அவள் எடுத்துக்கொண்டது கரி ஏடு அல்ல, அதற்கு உறவுக்கார ஏடு. டங்ஸ்டனும் செலினியமும் சேர்ந்து மூன்று அணு கனத்தில் இருக்கும். அதில் எலக்ட்ரான்களுக்கு இரண்டு பள்ளத்தாக்குகள். மண்ணில் அல்ல, ஆற்றல் கணக்கில் வருகிற பள்ளத்தாக்குகள். எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்பதும் ஒரு போலிச் சுழற்சிதான். இந்த ஏட்டில் மட்டும் நிஜ ஸ்பின்னும் போலியும் முடிச்சுப் போட்டதுபோலச் சேர்ந்தே கிடக்கும். ஒளியை ஒரு பக்கமாகச் சுழலவிட்டு ஏட்டின்மேல் அடித்தால் ஒரு பள்ளத்து எலக்ட்ரான்கள் மட்டும் கிளம்பும். கூடவே கரண்ட் விட்டால் அவை நேராக ஓடாமல் ஓர் ஓரமாக ஒதுங்கும். ஒளியை எதிர்ப்பக்கமாகச் சுழற்றினால் மறு ஓரம். எந்த ஓரம் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவளுடைய நாலாவது அத்தியாயம். அவ்வளவு பக்கங்களுக்கும் கடைசியில் கிடைக்கும் விடை ஒரே ஒரு குறி. இடது ஓரத்தில் வோல்டேஜ் கூட்டலா, கழித்தலா.

பிரிசில்லா கணக்கு மட்டும்தான் போடுவாள். நிஜ ஏட்டை வைத்து அளந்து பார்த்தவள் ஜனனி என்ற பெண். மங்கலத்தில் தறி ஓட்டும் குடும்பம், கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இவளைப்போலவே பட்டத்துக்குப் படிப்பவள். அவள் ஏட்டின் படத்தை அனுப்ப, பிரிசில்லா அதற்குக் கணக்குப் போட்டுக் கட்டுரையும் வெளியிட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஜனனி அளக்கத் தொடங்கினாள். கணக்கு இடது ஓரத்தில் கூட்டல் என்றது. ஜனனியின் மீட்டர் இடது ஓரத்தில் கழித்தல் என்றது. ஜனனி மெயில் போட்டாள். ஒன்றல்ல, ஒரு வருஷத்தில் ஐந்து. ஐந்துக்கும் பிரிசில்லா பொறுமையாகப் பதில் எழுதினாள்: கணக்கைச் சரிபார்த்துவிட்டேன், ஒயர்கள் இடம் மாறியிருக்கும், மறுபடி பார்.

வாய்மொழித் தேர்வுக்கு வியாழக்கிழமை தேதி குறித்தார்கள். ஜூன் முப்பதுக்குள் பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த வருஷம் வேலை இல்லை என்று கல்லூரியில் சுற்றறிக்கை வந்திருந்தது. அப்போது மே கடைசி. வியாழக்கிழமை நல்லபடி முடிந்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் மறுபடி செக்கிங் மேசைதான் என்று அவளே சொல்லிச் சொல்லி என்னையும் பயமுறுத்தி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து மதியச் சாப்பாடும் முடிந்தபின் தேர்வில் காட்டவேண்டிய படங்களை லேப்டாப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பாயில் சாய்ந்திருந்தேன்.

"ஏங்க," என்றாள். குரல் சரியில்லை. "இங்க வந்து இதக் கொஞ்சம் பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஜனனி அனுப்பிய பழைய படம். நடுவில் மங்கலாக ஒரு துண்டு ஏடு, அதைச் சுற்றித் தங்கக் கோடுகள், ஒரு கோட்டின் நுனியில் தங்கத்திலேயே போட்ட ஓர் எண்.

"அது என்ன நம்பர்?"

"ஏழு."

"ஒழுங்கா நேரா தெரியுதா?"

"ஏழு ஏழு மாதிரிதான் தெரியுது. அதுக்கு என்னட்டி இப்ப?"

அவள் விளக்கிச் சொன்னாள். அந்த ஏடு கண்ணாடிமேல் இருக்கிறது. ஒளி அடிப்பதும் படம் எடுப்பதும் கண்ணாடிக்கு அடியிலிருந்து. அடியிலிருந்து எடுத்த படத்தில் ஏழு திரும்பித்தான் தெரியவேண்டும், அச்சடித்த பனியனை முதுகுப்பக்கம் பார்த்தால் எழுத்து திரும்பித் தெரியும் அல்லவா, அப்படி. இதில் நேராகத் தெரிகிறது. அப்படியானால் ஜனனி ஏற்கனவே மேலிருந்து பார்ப்பதுபோலத் திருப்பிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறாள். பழைய மெயிலைத் தேடித் திறந்தோம். மூன்றாவது வரியில் அதைத் தெளிவாகவே எழுதியிருந்தாள். பிரிசில்லா அந்த வரியைப் படித்துமிருக்கிறாள். படித்துவிட்டு, அடியிலிருந்து எடுத்தது என்ற நினைப்பில் இடதை வலதாக்கிக் கணக்கில் ஏற்றியிருக்கிறாள். ஒளி அடியிலிருந்து வருவதற்கு ஒரு கழித்தல் போட்டிருந்தாள், அது சரி. படத்தைத் திருப்பியதில் இன்னொரு கழித்தல் சேர்ந்துவிட்டது. அதைப் போட்டது அவள் கை. பதினெட்டு வயதில் செக்கிங் மேசையில் பழகிய கை.

"கணக்க ஆறு தடவ சரிபார்த்தேன். படத்த ஒரு தடவகூடப் பார்க்கல," என்றாள். "அந்தப் பிள்ள சரியாத்தான் அளந்திருக்கா. நாந்தான் அவள அஞ்சு தடவ திருப்பி அனுப்பியிருக்கேன்."

அப்போது நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. "வியாழக்கிழமை முடியட்டும். பட்டம் கைக்கு வரட்டும். அப்புறம் திருத்தம்னு ஒரு மெயில் போட்டுட்டாப் போச்சு. இப்ப வாயத் தொறந்தா வேலயும் போகும், ஏழு வருஷமும் போகும்," என்றேன். அவள் லேப்டாப்பை மூடிவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் போனில் ஜனனியிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, வியாழக்கிழமை நானும் வர்றனுங்க. எல்லாருக்கும் முன்னால ஒண்ணு சொல்லோணும்."

அதைப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள், சபையில் வைத்து மானத்தை வாங்கத்தான் வருகிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவளுக்குப் போன் போட்டுப் பேசிப் பார் என்றேன். பிரிசில்லா போனை எடுப்பாள், பெயரைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். செவ்வாய்க்கிழமை வகுப்பில் பாதியில் பேச்சு வராமல் நின்றுவிட்டாளாம். புதன்கிழமை எனக்கே கம்பெனியில் மிஷினுக்கு ஊசி மாற்றும்போது கை தவறி விரலைக் கிழித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அப்படி நடந்ததில்லை. முன்பின் பார்த்திராத ஒரு சின்னப் பெண்ணை நினைத்து நான் அவ்வளவு பயந்தேன்.

எங்கள் பக்கத்தில் இந்த வாய்மொழித் தேர்வு ஒரு குட்டிக் கல்யாணம் மாதிரி நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சமோசா, டீ, தேர்வாளருக்குச் சால்வை, மதியம் எல்லாருக்கும் சாப்பாடு, எல்லாம் படிப்பவர் செலவு. நான் நாற்பது பிரியாணிப் பொட்டலம் சொல்லியிருந்தேன். அவள் அம்மா பட்டுச் சேலையில் வந்திருந்தார். கண்ணம்மாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, பழைய செக்கிங் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

ஜனனியும் வந்தாள். ஒல்லியாக, முதுகில் பெரிய பையோடு, இருபத்தைந்து வயதிருக்கும். நானே ஓடிப்போய் வரவேற்றேன். தேர்வாளர் கண்ணில் படாதபடி கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். முதல் சமோசாத் தட்டை அவளுக்குத்தான் கொடுத்தேன். "ஏனுங்ணா, இத்தன மரியாத எதுக்குங்க?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புகூட எனக்கு வேறு மாதிரி பட்டது.

பிரிசில்லா பேசத் தொடங்கினாள். முதல் மூன்று அத்தியாயங்களையும் நன்றாகவே சொன்னாள். நாலாவது வந்ததும் குரல் தாழ்ந்தது. அந்தக் குறி இருந்த படத்தைக் காட்டி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுத்ததற்குப் போய்விட்டாள். நான் மூச்சை விட்டேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஏழெட்டுக் கேள்வி கேட்டார், தலையாட்டினார், ஏதோ எழுதிக்கொண்டார். பேராசிரியர் சிவசுப்பிரமணியத்தின் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

"ரொம்ப நல்லதுங்க. வந்திருக்கறவங்க யாராச்சும் கேள்வி கேக்கறதுன்னா கேக்கலாமுங்க," என்றார் அவர்.

அது சடங்குக்குச் சொல்வது. அதற்கென்று இரண்டு சக ஆசிரியர்களிடம் முன்கூட்டியே கேள்வி எழுதிக் கொடுத்து வைப்பது வழக்கம். அவர்கள் கேட்டார்கள், இவள் பதில் சொன்னாள். அவ்வளவுதான் என்று எல்லாரும் எழப்போன நேரத்தில் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது.

பிரிசில்லா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து மைக்கைப் பிடுங்கி நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"வணக்கமுங்க. நான் ஜனனிங்க. கேள்வி ஒண்ணும் இல்லீங்க, நன்றி சொல்லத்தான் வந்தனுங்க," என்றாள். கையில் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாள். "அக்கா கணக்குக்கு எனக்கு நேர் எதிராவே வந்துட்டு இருந்துச்சுங்க. ஒரு வருஷமா எங்க தப்புப் பண்றேன்னே தெரியலீங்க. எங்க சார்கூட, உனக்கு ஒயரே ஒழுங்கா குடுக்கத் தெரியல, இந்தப் படிப்பு உனக்கு எதுக்குன்னு கேட்டுட்டாருங்க. அக்கா மட்டுந்தான் அஞ்சு தடவயும் பொறுமையா பதில் போட்டாங்க. போன வாரம் நானே ஒத்துக்கிட்டனுங்க, ஒயர நாந்தான் மாத்திக் குடுத்துட்டேன்னு. எல்லா கிராஃப்லயும் குறிய மாத்தீட்டனுங்க. திங்கக்கெழம தீசிஸ் குடுக்கறனுங்க. அக்கா இல்லீன்னா தப்பாவே குடுத்திருப்பனுங்க."

கூட்டம் கைதட்டியது. கண்ணம்மாள் பலமாகத் தட்டினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் தட்டினேன். நாலு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் ஒரே நொடியில் இறங்கியது. தப்பித்தோம் என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம்கூடச் சொல்லிவிட்டேன்.

பிரிசில்லா கைதட்டல் அடங்கும்வரை ஜனனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணைக் காட்டினேன், உட்கார் என்று. அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஜனனி, குறிய மாத்தாத," என்றாள். "உன் அளவு சரி. என் கணக்குதான் தப்பு."

பிறகு திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். அதில் இருந்த ஏழு என்ற எண்ணைக் காட்டினாள். தான் எங்கே திருப்பினாள், ஏன் திருப்பினாள், அதை ஞாயிற்றுக்கிழமையே கண்டும் சொல்லாமல் இருந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னாள். பத்து நிமிஷம் ஆனது. தேர்வாளர் ஆய்வேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். தானும் அதைக் கவனிக்கவில்லை என்ற கடுகடுப்பு அவர் முகத்தில் தெரிந்தது. சிவசுப்பிரமணியம் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

முடிவை அறிவிக்கவில்லை. நாலாவது அத்தியாயத்தைத் திருத்தி, வெளியான கட்டுரைக்கும் திருத்தம் அனுப்பி, மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். மறுபடி தேர்வு, ஆறு மாதத்துக்கு முன்னால் நடக்காது என்றார்கள். அதற்குள் ஜூன் முப்பது வந்துபோய்விடும். சால்வை அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. அவள் அம்மா என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார். வந்தவர்களுக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுங்கள் அத்தை என்று மட்டும் சொன்னேன்.

பிரிசில்லா அழவில்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். காஸ் மூடினோமா என்று அழுகிறவள், வேலை போன அந்த மத்தியானம் கல்லுப்போல நடந்து கடைசி வரிசைக்குப் போனாள். பிரியாணிப் பொட்டலம் ஒன்றை ஜனனியின் மடியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் தண்ணீர்ப் பாட்டிலோடு அங்கே நின்றேன்.

"பழைய கிராஃப் எல்லாம் வச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

ஜனனி பையைத் திறந்து லேப்டாப்பை எடுத்தாள். பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டு மறுபடி போட்டாள். ஒரு வருஷத்து அளவுகள் வரிசையாகத் திரையில் வந்தன. அத்தனையிலும் இடது ஓரத்தில் கழித்தல் இருந்தது.

"எல்லாமே சரியா இருக்கு, பாரு," என்றாள் பிரிசில்லா. "முதல் நாள் எடுத்ததே சரி."

ஜனனி திரையைப் பார்த்தாள், பிரிசில்லாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

"இல்லீங்கக்கா," என்றாள் மெதுவாக. "நீங்க எனக்காகச் சொல்றீங்க. இன்னொருக்கா நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. எனக்குத்தானுங்க எங்கயாச்சும் தப்பிருக்கும்."

அப்போதுதான் பிரிசில்லா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.